மூலையில் எத்தனை ஆணி?

படத்துக்குச் சட்டம் போடும் கடையில் பலரும் பீடிங் எனும் சட்டப் பட்டையின் நிறத்தையும் பூவேலையையும் பார்ப்பார்கள். சட்டத்தின் தரம் தெரிவதோ முதுகுப்பக்க மூலையில்தான். தஞ்சாவூர் ஓவியங்களுக்குச் சட்டம் போடும் பட்டறைகளில் நான் திருப்பிப் பார்த்தவற்றில் மூலைக்கு இரண்டே ஆணியோடு கச்சிதமாக நின்றவையும் உண்டு. ஐந்தாறு ஆணி குத்தி, இடுக்கில் பட்டி அப்பி, மேலே சாயம் தொட்டு மறைத்தவையும் உண்டு. ஆணி கூடினால் பலம் கூடும் என்று வாங்குபவர் நம்புகிறார். என் கணிப்பு நேர்மாறானது: மூலையில் ஆணி கூடக்கூட, அந்தப் பட்டறையின் வெட்டும் மெஷின் பராமரிப்பில்லாமல் கிடக்கிறது என்று பொருள்.

சட்டத்துக்கு மொத்தம் எட்டு வெட்டு. எட்டும் 45 டிகிரியில் விழ வேண்டும். அரை டிகிரி பிசகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எட்டு வெட்டும் ஒரே பக்கமாகப் பிசகியிருந்தால், மூன்று மூலைகளை இறுக்கிவிட்டு நாலாவதற்கு வரும்போது 4 டிகிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த இடைவெளியை இழுத்து மூடத்தான் கூடுதல் ஆணிகள். பிசகு எங்கிருந்து வருகிறது? மிதியை அழுத்தினால் இறங்கும் இரட்டை பிளேடு மெஷினில், பீடிங்கை அணைத்து வைக்க ஒரு தடுப்புப் பட்டை உண்டு. அதன் அடியிடுக்கில் மரத்துணுக்கு தங்கிவிடும். பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு முனையில் ஒரு மில்லிமீட்டர் தூசு நின்றாலே கோணம் அரை டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். கவனமான கை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அந்த இடுக்கை பிரஷ்ஷால் தட்டிவிடுகிறது. அவ்வளவுதான் வேலை, இரண்டு விநாடி. அவசரக் கை அதை மாலைவரை தள்ளிப்போடுகிறது. பிளேடின் முனை இன்னொரு கதை. கூரான பிளேடு வெட்டிய முகம் விரலுக்கு வழுவழுவென்று இருக்கும். மழுங்கியது நாரை அறுக்காமல் நசுக்கும். மூலையில் சந்திப்பது மரத்தின் குறுக்குமுகம் என்பதால் அது பசையை இயல்பாகவே உறிஞ்சித் தள்ளும். மெல்லிதாக ஒரு பூச்சு கொடுத்து, அது ஊறிய பிறகு இரண்டாவது பூச்சு கொடுப்பது இதனால்தான். நசுங்கிய முகத்தில் எத்தனை பூச்சு கொடுத்தும் பிடிமானம் அரைகுறைதான்.

அப்படியானால் ஆணிக்கு என்ன வேலை? பசை காயும்வரை மூலையை அசையாமல் பிடித்திருப்பது முதல் வேலை. ‘வி’ வடிவில் மடிந்த தகட்டாணி அடியிலிருந்து ஏறி, இணைப்பின் இருபுறமும் ஒவ்வொரு இறகை ஊன்றிக்கொள்கிறது. 7, 10, 15 மில்லிமீட்டர் என்று உயரங்கள் இருப்பது பீடிங்கின் தடிமனுக்கு ஏற்ப எடுக்கத்தான். உயரம் மிஞ்சினால் முகப்பில் முனை எட்டிப்பார்க்கும். தேக்குக்குக் கடின மரத்துக்கான ஆணி வேண்டும், மென்மரத்துக்கானதை அடித்தால் பாதியில் வளையும். மூலையின் வெளிமுனையை ஒட்டி அடித்தால் மரம் பிளக்கும். ஆணி அடிக்கும் மெஷினில் மேலிருந்து அழுத்தும் ரப்பர் தேய்ந்திருந்தால் சட்டம் நழுவி, சரியான ஆணியும் கோணலாக ஏறும். காற்றழுத்த மெஷின் என்றால் கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கும் தண்ணீரையும் நாள்தோறும் வடிக்க வேண்டும்.

ஆணியின் முதல் வேலை பசை காயும்வரை பிடித்திருப்பதுதான் என்பதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பிளாஸ்டிக் பீடிங்கில் வெள்ளைப் பசை ஒட்டாது, அங்கே ஆணிதானே தாங்குகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்கென்று வேறு பசை இருக்கிறது, பலர் வாங்குவதில்லை. இன்னொன்று: எல்லா இடைவெளிக்கும் பிளேடைக் குற்றம் சொல்ல முடியாது. மரம் அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஆகவே கோடையில் அகலப் பீடிங்கின் உள்மூலை வாய் திறக்கும், மழையில் ஊதினால் வெளிமூலை. அதை எந்த ஆணியும் தடுக்காது. காய்ந்த மரத்தை வாங்குவதுதான் வழி.

படத்தைச் சுவரில் மாட்டும் பொருள்களில் கணக்கு வேறு. அங்கே பசை இல்லை, பாரம் முழுவதும் திருகாணி மேல்தான், அதுவும் ஆயுள் முழுக்க. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு இரண்டரைக் கிலோ. 60க்கு 75 சென்டிமீட்டர் படத்தில் 4 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் நாலரைக் கிலோ. பலகை, கல், சட்டம் தனி. மாட்டும் கம்பியை இறுக்கக் கட்டினால் நல்லது என்று நினைப்பது தவறு. கம்பி 30 டிகிரி சரிவில் நின்றால் ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழு எடையளவு இழுவிசை. 10 டிகிரியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மெல்லிய பீடிங்கில் ஒற்றை வளையத் திருகாணி உள்நோக்கிச் சாய்ந்து பிடுங்கிக்கொள்வதற்குக் காரணம் இது. தகட்டோடு இரண்டு திருகாணி ஏறும் டி வளையமே கனமான படத்துக்கு உகந்தது. கடலோர ஊர்களில் துத்தநாகம் பூசியதோ பித்தளையோ எடுக்க வேண்டும்.

மீண்டும் பிளேடுக்கு வருவோம். மழுங்கியதைச் சாணைக்கு அனுப்பினால் வேலை நிற்கிறதே என்ற பட்டறைக்காரர்களின் முறையீட்டை, அதிலும் நவராத்திரி நெருங்கும்போது, அலட்சியமாகத் தள்ள முடியாது. இரண்டாவது ஜோடி பிளேடு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே நடைமுறைத் தீர்வு. செலவு உண்டு, ஆனால் வீணாகும் பீடிங்கையும் பட்டி பூசும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் தாங்கக்கூடியதுதான். எங்கே தீட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். வீட்டுக் கத்திக்குச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் உலர்ந்த கல்லில் சூடேறி முனை நீலம் பாய்ந்துவிடும், பதம் போய்விடும். தண்ணீர் விட்டு, இரண்டு பிளேடுகளையும் ஒரே அளவு தேய்த்துத் தரும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்; மாட்டியதும் முதலில் கழிவுத் துண்டை வெட்டி மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.