எந்த வெர்ஷனுக்குப் போவது?



மெக்கானிக்கல் பிரிவு நண்பருக்கு லேத் எப்படியோ, கம்ப்யூட்டர் பிரிவு மாணவனுக்குக் கம்பைலர் அப்படி. நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவி அது. லேத் பழசானால் சத்தம் போட்டே காட்டிக் கொடுத்துவிடும். கம்பைலர் பழசானால் சத்தமே வராது. அதுதான் ஆபத்து!

நம்மில் பெரும்பாலோர் சி மொழியை முதன்முதலில் பார்த்தது நீலத் திரையில், மஞ்சள் எழுத்தில்தான். போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி பிளஸ் பிளஸ் 3.0 அது. 1990-களின் தொடக்கத்தில் வந்தது. நாம் பிறப்பதற்கு முன்பே வந்த சமாச்சாரம். சி பிளஸ் பிளஸ் மொழிக்குச் சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டதே 1998-ல்தான். அதாவது மொழிக்குச் சட்டம் எழுதும் முன்பே பிறந்த கம்பைலரில் நாம் அந்த மொழியைப் படிக்கிறோம். இன்றைய 64-பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்குள் வைத்துத்தான் அதை ஓட்ட வேண்டியிருக்கிறது.

'ஓடுதுல்ல, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். ரெக்கார்டு நோட்டில் இருக்கும் ஃபேக்டோரியல் புரோகிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். 7 கொடுத்தால் 5040 என்று சரியாக வரும். 8 கொடுத்தால்? 40320 வர வேண்டும். டர்போவில் இன்ட் என்று அறிவித்திருந்தால் −25216 என்று வரும்! அங்கே இன்ட் என்பது 16 பிட். 32767-க்கு மேல் தாங்காது. இன்றைய கம்பைலர்களில் இன்ட் பொதுவாக 32 பிட். அதனால் 12 வரை சரியாக வரும், 13-ல்தான் தடுமாறும். ஒரே புரோகிராம், இரண்டு விடை!

ஆனால் என்னை உலுக்கியது இந்தக் கணக்கு அல்ல. 2024-ல் படிப்பை முடித்த எங்கள் பிரிவு அக்கா ஒருவர், ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வு எழுதினார். லாஜிக்கில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வழக்கம்போல ஐ.ஓ.ஸ்ட்ரீம் டாட் ஹெச் போட்டு, வாய்ட் மெயின் என்று தொடங்கி எழுதியிருக்கிறார். அங்கே இருந்ததோ புதிய கம்பைலர். முதல் வரியிலேயே 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று நின்றுவிட்டது. மார்க் பூஜ்யம். 'ஏன் தம்பி, மூணு வருஷம் இதைத்தானே படிச்சோம்?' என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

2025 ஜூனில் எங்கள் எச்.ஓ.டி. சார், 'லேப்பில் கம்பைலரை மாற்றலாமா, மாற்றினால் எதற்கு என்று மாணவர்களே சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள்' என்றார். நாங்கள் மூன்று பேர் இறங்கினோம். முதல் எதிர்ப்பு லேப் அண்ணனிடமிருந்து வந்தது. 'தம்பி, புதுசு புதுசுன்னு ஆடாதீங்க. பிராக்டிகலுக்கு வெளியிலிருந்து எக்ஸாமினர் வருவார். பசங்க பாஸ் ஆகணும். நீங்க கம்பைலரை மாத்தி அவங்களுக்கு அரியர் வாங்கிக் கொடுத்துடாதீங்க' என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்காவின் வேலை ஒரு பக்கம், ஜூனியர்களின் மார்க் ஒரு பக்கம். இரண்டையும் காப்பாற்றும் வெர்ஷன் எது?

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, டர்போவிலேயே இருப்பது. இரண்டாவது, பல இடங்களில் புழக்கத்தில் உள்ள டெவ் சி பிளஸ் பிளஸ் 5.11. இது 2015-ல் வந்தது; இதற்குள் இருக்கும் கம்பைலர் ஜி.சி.சி. 4.9.2. லேசானது, பழைய கணினியிலும் தாராளமாக ஓடும். மூன்றாவது, அப்போதைய புத்தம் புது ஜி.சி.சி. 15.

ஜி.சி.சி. பற்றி ஒரு வார்த்தை. 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதல் பதிப்பை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. நம் டர்போ 3.0-வை விட வயதில் மூத்தது. ஆனால் வருஷத்துக்கு ஒரு பெரிய வெளியீடு வருவதால் இன்றும் இளமையாக இருக்கிறது.

ரெக்கார்டில் உள்ள 15 சோதனைகளையும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். ஜி.சி.சி. 4.9.2 எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் பாட்டி மாதிரி. சி புரோகிராமில் ஸ்ட்ரிங் டாட் ஹெச் சேர்க்காமல் அதன் ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் எக்ஸ்இ ஃபைல் தந்துவிடும். 2024 மே மாதம் வந்த ஜி.சி.சி. 14 அப்படி இல்லை. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் 'எரர்' என்று நிறுத்திவிடும். 2025 ஏப்ரலில் வந்த 15 இன்னும் கறார். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது சி 23 என்ற புதிய தரத்தின்படியே படிக்கும். அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதாமல் ஒரு ஃபங்ஷனை அறிவித்துவிட்டு, பிறகு அதற்கு இரண்டு மதிப்பு அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாது.

அப்படியானால் நடுவில் இருக்கும் 4.9.2-தானே வசதி? எங்களுக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் அது ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால். மாற்றும் சிரமம் முழுவதும் பட்டுவிட்டு, பத்து வருஷம் பழைய இடத்தில் போய் நிற்பதா? இன்னும் நாலு வருஷத்தில் மறுபடியும் இதே வேலையை யாரோ செய்ய வேண்டிவரும்.

அப்போதுதான் முக்கியமான ஒரு விஷயம் புரிந்தது. கம்பைலரின் வெர்ஷன் வேறு, மொழியின் வெர்ஷன் வேறு! இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புதிய ஜி.சி.சி.யிடமே, 'இந்தப் புரோகிராமைப் பழைய வழக்கப்படி படி' என்று சொல்லலாம். கட்டளையில் ஹைபன் எஸ்.டி.டி. ஈக்வல் டு ஜி.என்.யூ. 89 என்று சேர்த்தால் போதும். பழைய சி புரோகிராம்களில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் ஓடிவிடும். பிறகு 89-ஐ 99 ஆக்கி, அடுத்து 17 ஆக்கி, வருகிற எரர்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே மேலே ஏறலாம். ஒரே தாவாகத் தாவ வேண்டியதில்லை, படிப்படியாகப் போகலாம்.

சி பிளஸ் பிளஸுக்கு இந்தச் சலுகை இல்லை. ஐ.ஓ.ஸ்ட்ரீம் டாட் ஹெச் என்ற பழைய ஹெடரை ஜி.சி.சி. 2008-லேயே, 4.3 வெர்ஷனில் நீக்கிவிட்டது. அங்கே டாட் ஹெச்சை எடுத்துவிட்டு, யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்.டி.டி. சேர்த்து, வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்க வேண்டும். மூன்றே மாற்றம்தான். திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீன் கட்டளையையும் எடுத்துவிட்டோம். 15-ல் 13 இப்படியே சரியாகிவிட்டன. மிச்சம் இரண்டும் கிராஃபிக்ஸ் சோதனைகள். அவற்றுக்கு மட்டும் டாஸ்பாக்ஸில் டர்போ இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

சரி, 14-ஆ, 15-ஆ? ஜி.சி.சி.யில் பாயிண்ட் ஒன் என்பது அந்த வரிசையின் முதல் வெளியீடு. பாயிண்ட் டூ, பாயிண்ட் த்ரீ என்பவை பிழை திருத்தி வருபவை. நாங்கள் சோதித்தபோது 15.1 மட்டுமே வந்திருந்தது, 14-ல் 14.3 வரை வந்துவிட்டது. ஆகவே 14.3 என்று பரிந்துரைத்தோம். லேப் அண்ணனே முதல் கணினியில் நிறுவினார். 'எரர் எந்த வரியில, ஏன்னு இவ்வளவு தெளிவா சொல்லுதே!' என்று அவர் சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த பரிசு.

நண்பர்களே, வேலைக்குப் போகும் இடத்திலும் இந்தக் கேள்வி நமக்காகக் காத்திருக்கிறது. பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2.7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது. பதினோரு வருஷ அவகாசம்! அதை ஆறப்போட்டவர்கள் கடைசியில் ஆதரவே இல்லாத கருவியில் மாட்டிக்கொண்டார்கள். எனவே எந்த வெர்ஷன் என்று யாராவது கேட்டால், 'புதுசு எது?' என்று தேடாதீர்கள், 'பழகியது எது?' என்றும் தேடாதீர்கள். இன்னும் எத்தனை வருஷம் இதற்குத் திருத்தம் வரும், நமக்குப் பிறகு இதில் உட்காரப்போகிறவர் யார் என்று கேளுங்கள்.

மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். மாற்றம் பருவத்தின் நடுவில் வேண்டாம். புதிதாகச் சேரும் அணியிலிருந்து தொடங்கட்டும். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் பழைய முறையிலேயே எழுத, ஒரு வரிசைக் கணினிகளில் டர்போ இருக்கட்டும். கம்பைலர் மாறியதால் ஒருவர்கூடத் தோற்கக் கூடாது. கம்பைலர் மாறாததால் இன்னொரு அக்கா வேலையை இழக்கவும் கூடாது!