பத்து கிலோமீட்டர் என்றால் பத்து கிலோமீட்டர்தானா?

2018 ஆகஸ்டு 26. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்கள் 10,000 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரான ஜி.லட்சுமணன். நேரம் 29 நிமிடம் 44.91 நொடி. ஆனால் அந்த வெண்கலம் அவர் கைக்கு வரவில்லை. ஓடும்போது கால் டிராக்கின் உள்கோட்டைத் தாண்டி உள்ளே பட்டுவிட்டது என்று தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். முறையீடும் எடுபடவில்லை. முந்தைய வருடம்தான் புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர் அவர்.

கால் உள்ளே பட்டதற்கா பதக்கத்தைப் பறிப்பார்கள் என்று பலருக்கும் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஆனால் அந்த விதிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. டிராக்கின் 400 மீட்டர் என்பது உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கப்பட்ட தூரம். அதற்கு உள்ளே போனால் தூரம் குறையும். அவ்வளவுதான் விஷயம்.

டிராக்கிலேயே இத்தனை கறார் என்றால், வளைவும் மேடும் வேகத்தடையுமாக இருக்கும் ரோட்டில்?

நம்ம ஊர்ப் பக்கம் நடக்கும் 'மினி மாரத்தான்' பலவற்றில் தூரத்தை பைக் மீட்டரில் பார்த்துச் சொல்வதுதான் வழக்கம். இப்போது செல்போன் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. இரண்டுமே குத்துமதிப்புதான். முறையாக அளக்கும் வழி ரொம்ப எளிமையானது, வேடிக்கையானதும் கூட. ஒரு சாதாரண சைக்கிள்!

சைக்கிளின் முன்சக்கரத்தில் 'ஜோன்ஸ் கவுன்ட்டர்' என்று ஒரு சின்னக் கருவி மாட்டுவார்கள். அதில் ஒரு எண் ஏறினால் சைக்கிள் சுமார் பத்து சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் நேரான ரோட்டில் குறைந்தது 300 மீட்டரை இரும்பு டேப்பால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் டேப் நீளும், அதற்கும் திருத்தம் உண்டு. அந்தத் தூரத்தில் நான்கு முறை சைக்கிள் ஓட்டி எத்தனை எண் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு பந்தயப் பாதை முழுவதையும் ஓட்டி அளப்பார்கள். முடித்துவிட்டு மறுபடியும் அதே 300 மீட்டரில் நான்கு முறை. எதற்கு இரண்டாவது தடவை? வெயில் ஏறினால் டயரில் காற்று விரியும், சக்கரம் லேசாகப் பெருக்கும், எண்ணிக்கை மாறும். நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

ரோட்டு நடுவே ஓட்டி அளக்கக் கூடாது. ஓடுபவர் வளைவை எவ்வளவு ஒட்டி ஓட முடியுமோ அந்தக் குறுக்கு வழியில், ஓரத்திலிருந்து அதே 30 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும். அப்புறம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். மாரத்தானுக்கு 42 மீட்டர். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, ஒரு அடி கூடக் குறையக் கூடாது என்பதுதான் தத்துவம். புறப்படும் இடம், முடியும் இடம் எல்லாவற்றையும் 'இந்தக் கரண்ட் கம்பத்திலிருந்து இத்தனை மீட்டர்' என்று எழுதி, வரைபடத்தோடு கொடுத்தால்தான் சான்றிதழ். அதன் ஆயுள் ஐந்து வருடம். நடுவில் பாதையை மாற்றினால் திரும்பவும் அளக்க வேண்டும்.

கிட்டத்தட்ட ஆடிட் மாதிரிதான். கணக்கு எழுதியவர் நேர்மையானவராகவே இருக்கலாம். இருந்தாலும் வவுச்சரைப் பார்த்து ஒருவர் கையெழுத்துப் போட்டால்தானே பாங்க்காரர் பேலன்ஸ் ஷீட்டை நம்புவார்?

பெரிய ஊர்களிலும் தப்பு நடக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தான் 2013, 2014, 2015 மூன்று வருடமும் 380 மீட்டர் குறைவாக இருந்தது என்று 2016-ல் தெரியவந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நேரம் செல்லாமல் போனது. 2021-ல் பிரைட்டன் மாரத்தானில் 568 மீட்டர் அதிகம்!

சரி, உலக சாதனை படைக்கப் போகிறவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று தோன்றலாம். இல்லை. ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். பைக் மீட்டரை நம்பிப் பழகும் ஒரு பையனின் ரோடு வெறும் 50 மீட்டர் குறைவாக இருந்தால், நிஜ மைதானத்தில் அவனுக்குப் பத்து நொடி துண்டு விழும். அந்தப் பத்து நொடியில் போவது ஒரு குடும்பத்தின் சம்பளம்.

முழுச் சான்றிதழுக்கு அங்கீகாரம் பெற்ற அளவையாளர் வர வேண்டும், செலவும் ஆகும். அது எல்லாப் பந்தயத்துக்கும் முடியாதுதான். ஆனால் ஒரு இரும்பு டேப், ஒரு சைக்கிள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை... இது எந்த ஊருக்கும் முடியும். முதல் பரிசுக்குப் பத்தாயிரம் ரூபாயும் ஆளுயரக் கோப்பையும் கொடுக்கிற விழாக் குழுக்கள், ஓடுகிற பையனுக்குச் சரியான தூரத்தையும் கொடுத்தால் என்ன?