கோபுரம் முதல் சாவடி வரை: ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டி, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தென்காசி, கொல்லம் செல்லும் சாலையிலும், விருதுநகர்–தென்காசி ரயில் பாதையிலும் இரண்டும் அடுத்தடுத்து வரும் ஊர்கள். 1910 வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பிறகு ராமநாதபுரத்தோடு சேர்ந்தது. 1985-இல் மாவட்டம் பிரிந்தபோது விருதுநகருக்கு வந்தது. பழமையான இடங்களைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் கண்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது பாதிப் பயணம்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தத் திசையிலிருந்து நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது 192 அடி உயரமுள்ள ராஜகோபுரம். பதினொரு நிலைகள், பதினொரு கலசங்கள். மதுரைக் கோபுரங்களைப் போலச் சுதைச் சிற்பங்கள் நெருங்கி நிற்காததால் அதன் கட்டுமானக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. தொலைவிலிருந்து பார்க்கும்போது இந்தக் கோபுரத்துக்குக் கிடைக்கும் கம்பீரத்துக்கு அந்த எளிமையே காரணம். பாண்டியன் அவையில் பெரியாழ்வார் வென்ற பொற்கிழியைக் கொண்டு இது எழுப்பப்பட்டது என்பது கோயில் மரபு. தமிழ்நாடு அரசின் முத்திரையில் இடம்பெற்றிருப்பது இந்தக் கோபுரமே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. முத்திரையை 1949-இல் வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்தே வரைந்தார் என்ற கருத்தும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதைப் பற்றி இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

வெளியூர்க்காரர்கள் ஒரே கோயில் என்று நினைப்பது உண்மையில் இரண்டு கோயில்கள். ராஜகோபுரம் இருப்பது வடபத்ரசாயி கோயிலில். ஆலிலையில் பள்ளிகொண்ட பெருமாள் என்பது அப்பெயரின் பொருள். கீழே நரசிம்மர் சந்நிதி. படியேறிச் சென்றால் மேல்தளத்தில் சயனக் கோலப் பெருமாள். அந்தச் சந்நிதிக்கு முன்னுள்ள மண்டபத்தின் விதானம் முழுவதும் தேக்கு மரச் செதுக்கு வேலை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்த களைப்பில் பலர் இங்கே நிமிர்ந்து பார்க்காமலே போய்விடுகிறார்கள். ஊரிலுள்ள கலைப்பொருள்களில் முதலில் காட்ட வேண்டியது இந்த விதானம்தான்.

அடுத்தது ஆண்டாள் கோயில். இரண்டுக்கும் நடுவே நந்தவனம். பெரியாழ்வார் என்று பின்னாளில் பெயர்பெற்ற விஷ்ணுசித்தர் பெருமாளுக்கு மாலை கட்டுவதற்காகப் பூச்செடி வளர்த்த இடம் இது. இங்கே ஒரு துளசிச் செடியின் அடியில், ஆடி மாதப் பூர நட்சத்திரத்தன்று அவர் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்பது வரலாறாகவே சொல்லப்படும் செய்தி. பன்னிரு ஆழ்வார்களில் தந்தையும் மகளுமாக இருவரைத் தந்த ஊர் வேறில்லை. ஆண்டாள் பாடியவை திருப்பாவை 30 பாசுரங்களும் நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களும். மார்கழி விடியலில் தமிழ்நாடெங்கும் கோயில்களில் ஒலிக்கும் முப்பது பாடல்களுக்கு மூல இடம், நடந்து ஐந்து நிமிடத்தில் சுற்றிவிடக்கூடிய இந்தத் தோட்டம்.

ஆண்டாள் கோயிலின் முன்மண்டபத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பங்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன: கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர், ரதி, மன்மதன், குழலூதும் கண்ணன். கருவறையில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் நிற்க, உடன் கைகூப்பி நிற்கிறார் கருடாழ்வார். மற்றப் பெருமாள் கோயில்களில் எதிரே தனியாக இருக்கும் கருடன் இங்கே உள்ளேயே இடம்பெற்றது இத்தலத்தின் சிறப்பு. வெளியே வந்தால் கண்ணாடிக் கிணறு. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, அழகு பொருந்துகிறதா என்று ஆண்டாள் இதன் நீரில் முகம் பார்த்தாள் என்பார்கள்.

அந்த மாலை இன்றும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அணிவது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சென்ற ஆண்டாள் மாலை. புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருப்பதி கருடசேவைக்கும் இங்கிருந்து மாலை செல்கிறது. ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியோ தினந்தோறும் புதிதாகப் பிறக்கிறது. மரவள்ளி இலையால் உடல், மாதுளம் பூவால் மூக்கு, கட்டுவதற்கு வாழைநார். இதைச் செய்யும் கைப்பழக்கம் தலைமுறை வழியாக வருவது. மாலை நேர வழிபாட்டில் சாத்தப்பட்ட கிளி மறுநாள் வாடிவிடும். மீண்டும் ஒன்று வேண்டும். கல்லில் இருப்பதைவிட வாடும் இலையில் இருக்கும் இந்தத் தொடர்ச்சி வியப்புக்குரியது: ஒரே ஒரு நாள் கை ஓய்ந்தாலும் அறுந்துவிடக்கூடியது அறாமல் வந்திருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பழைய இடங்களைத் தேடி வருபவர் வழி தவறாதிருக்க, தரையில் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிவப்புக் கோடு பதித்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வேலையைச் சாமி புறப்பாடு செய்கிறது. ஆடிப்பூரத்தன்று தேர் உருளும் ரத வீதிகளில் நடந்தாலே பழைய ஊரின் அமைப்பு விளங்கிவிடும். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்றான இதை இழுக்கச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் அனைத்தும் வடம் பிடிக்க வருகின்றன. அதே திருவிழாவின் ஐந்தாம் நாள் ஐந்து கருடசேவை. மார்கழியில் எண்ணெய்க்காப்பு உற்சவத்துக்கு ஆண்டாள் திருமுக்குளக் கரைக்கு எழுந்தருள்கிறாள். பகல்பத்துத் தொடக்கத்தில் நடக்கும் ‘பச்சைப் பரத்தல்’ இவற்றுள் மிக அருமையானது: பெரியாழ்வார் வம்சத்தாரின் வீட்டுக்கு ஆண்டாள் வரும்போது, பிறந்தகம் வந்த பெண்ணுக்குச் சீர் வைப்பதுபோல், காய்கறிகளைப் பரப்பி வைத்து வரவேற்கிறார்கள். தேரோட்டத்தின் கூட்டத்தைவிட இந்தச் சிறு சடங்கில் ஊரின் மனம் நன்றாகத் தெரிகிறது.

கோயிலுக்கு அப்பாலும் பார்க்க இடங்கள் உண்டு. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் பெயரைத் தாங்கிய மகால் ஒன்று இங்கே இருக்கிறது; மதுரை மகாலைவிடச் சிறியது; பிற்காலத்தில் நீதிமன்றமாகப் பயன்பட்டது. ஆண்டாளுக்கு உச்சிக்கால பூசை முடிந்தது என்ற மணியோசை மண்டபம் மண்டபமாக மதுரைக்குச் சென்று சேர்ந்த பிறகே நாயக்கர் உணவருந்தினார் என்ற கதையை இப்பகுதியில் யாரும் சொல்வார்கள். மடவார்வளாகத்திலுள்ள வைத்தியநாத சுவாமி கோயிலோடும், நாயக்கரின் வயிற்றுநோய் நீங்கிய கதை பிணைந்திருக்கிறது. 1875-இல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகம் தமிழ்நாட்டின் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காலத்து ஆட்சியரின் பெயர் அதில் நிலைத்துவிட்டது. பால்கோவா இவற்றோடு ஒப்பிட மிக இளையது. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் இடைவிடாது கிளறி இறக்கும் இந்த இனிப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் போகும் வழியில் மொழியும் சற்று மாறுகிறது. விஜயநகர அரசின் காலத்திலும் அதன் பின்னும் ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள் குடியேறி வளர்த்த ஊர் ராஜபாளையம். பழைய குடும்பங்களின் வீடுகளில் இன்றும் தெலுங்கு பேசப்படுகிறது. விஜயநகரத்தை 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்தமால்யதா’ காவியத்தின் கதைக்களம் ஸ்ரீவில்லிபுத்தூர். தலைப்பின் பொருள் சூடிக் கொடுத்தவள். தெலுங்கின் தலைசிறந்த காவியங்களுள் ஒன்று ஒரு தமிழ்ப் பெண்ணின் மாலையைப் பாட, தெலுங்கு பேசும் மக்கள் அவளுடைய ஊருக்குப் பக்கத்திலேயே வந்து குடியிருப்பது இந்த இரு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் புலப்படும்.

ராஜபாளையத்தில் வானளாவிய கோபுரம் கிடையாது. பழையபாளையம், புதுப்பாளையம் என்ற பெயர்களும், ‘கோட்டை’ என்று முடியும் தெருப் பெயர்களும், அந்தந்தப் பகுதிக்குப் பொதுவான சாவடிகளும்தான் இங்கே வரலாற்றைச் சொல்பவை. பஞ்சாயத்து, திருமணப் பேச்சு, திருவிழா ஏற்பாடு எல்லாம் கூடிப் பேசிய இடம் சாவடி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தூண் வைத்த ஒரு பொதுக் கூடம். ஆனால் இந்த ஊரின் பொதுக் காரியங்கள் முளைத்த நாற்றங்கால் அதுதான். பெத்தவநல்லூர் மாயூரநாத சுவாமி கோயிலின் ஆனித் தேரோட்டமும், புதுப்பாளையம் மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பூக்குழியும் ஊரின் பெரிய விழாக்கள்.

காந்தி கலை மன்றம் ராஜபாளையத்தில் தவறாமல் பார்க்க வேண்டிய இடம். பூ. ச. குமாரசாமி ராஜாவின் வீடு அது. 1898-இல் இவ்வூரில் பிறந்த அவர் 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். நாடு குடியரசான நாளில் அப்பொறுப்பில் இருந்தவர் அவரே. 1952 தேர்தலில் தோற்றார். பிறகு ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றி 1957-இல் மறைந்தார். தம்முடைய வீட்டையே காந்தியின் பெயரில் கலைக்கென ஊருக்குக் கொடுத்துவிட்டார். 1927-இல் தமிழ்நாட்டில் கதர்ப் பயணம் செய்த காந்தி ராஜபாளையத்துக்கும் வந்தார். பருத்தியும் நூலும் ஊரின் தொழிலாக இருந்ததால் கதர் இங்கே எளிதில் வேர்விட்டது.

நூலின் இன்னொரு கிளை ஆலைகளாக வளர்ந்தது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸ், பின்னாளில் சிமென்ட் வரை விரிந்த ராம்கோ குழுமத்தின் வித்து. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கின்றன. தளவாய்புரத்தில் நைட்டி தைப்பது குடிசைத் தொழில். மலையடிவாரத் தோப்புகளில் தென்னையும் மாவும்; கோடையில் ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் சந்தைக்கு வரும். வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இதற்குக் கிடைத்தது.

இரு ஊர்களுக்கும் மேற்கே மலை ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பில் காட்டழகர் கோயிலுக்குப் பாதை தொடங்குகிறது. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. ராஜபாளையம் பக்கம் நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும், அதற்கும் மேலே அய்யனார் அருவியும் நீர் காத்த அய்யனார் கோயிலும் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் திடீரெனப் பெருகும். அப்போது அய்யனார் கோயிலுக்கும் அருவிக்கும் செல்ல வனத்துறை அனுமதிப்பதில்லை.