கண்ணாடிக்கும் ஓர் ஊர் உண்டு

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

மணலும் சோடா உப்பும் சுண்ணாம்பும் நெருப்பில் உருகிக் கலந்தால் கண்ணாடி பிறக்கிறது. காலடியில் கிடக்கும் மணல், கைவளையாகவும் கழுத்து மணியாகவும் சாளரத்து ஒளியாகவும் மாறுவது மனிதன் கண்ட விந்தைகளுள் ஒன்று. 2022ஆம் ஆண்டைப் பன்னாட்டுக் கண்ணாடி ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. செட்டிநாட்டாராகிய நமக்கோ கண்ணாடி புதிதன்று. பெல்ஜியத்து நிலைக்கண்ணாடிகளும், சன்னல்களின் மேல் பதித்த வண்ணக் கண்ணாடிகளும் நாம் கண்டு வளர்ந்தவை. ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பும் கண்ணாடி தந்ததே. கண்ணாடித் தகட்டின் மீது வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, இறுகியபின் நீரில் ஊறவைத்துத் தகட்டைப் பிரிக்கிறார்கள். தகட்டின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது.

காரைக்குடியில் பணிபுரியும் இளைஞர் சிலர் மாதத்தில் ஒரு மாலையைக் கூடிக் கழிப்பது வழக்கம். என் அண்ணனும் அவர்களுள் ஒருவர். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை அவர்கள் கீழடி அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டபோது, வரலாறு படிப்பவள் என்பதால் என்னையும் அழைத்துச் சென்றனர்.

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அக்கட்டடம் செட்டிநாட்டுப் பாணியில் எழுந்தது. உறவினர் வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தோம். அணிகலன்கள் இருந்த இடத்தில்தான் எல்லோரும் நெடுநேரம் நின்றோம். சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள்! உருகிய கண்ணாடியை உள்ளே துளையுள்ள நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கி மணியாக்கும் கலையில் அரிக்கமேடு சிறந்து விளங்கியது என்று வகுப்பில் படித்ததை அவர்களுக்குச் சொன்னேன். கடுகைப் போன்ற இம்மணிகளுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்று ஒருவர் கேட்டார். அகழாய்வில் கிடைக்கும் பொருள் எந்தக் குழியில், எந்த ஆழத்தில் இருந்தது என்று எழுதி வைக்கிறார்கள். அந்தக் குறிப்பினால்தான் மணி பேசுகிறது என்றேன்.

வெளியே தேநீர் அருந்தும்போது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. வங்கியில் பணிபுரியும் அண்ணன் புதுவீடு கட்டி வருகிறார். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில் நீலமும் பச்சையும் கலந்த சன்னல் கண்ணாடிகளைப் பார்த்து வைத்திருப்பதாக மகிழ்வோடு சொன்னார். "எந்த ஊர் வீட்டுக் கண்ணாடி அண்ணே?" என்று உடன் வந்த ஆசிரியை அக்கா கேட்டார். "அது கடைக்காரருக்கே தெரியாதும்மா" என்றார் அவர்.

நான் பேசவில்லை. பழைய வீடுகளைப் பிரிப்பதுதான் என் தந்தையின் தொழில். அந்தக் கூலியில்தான் நான் இக்கல்லூரிக்கு வருகிறேன். கதவையும் சன்னலையும் கழற்றும்போது ஒவ்வொரு கண்ணாடியின் பின்புறத்திலும் அப்பா சாக்குக்கட்டியால் எண் போடுவார். திரும்பப் பொருத்த வசதியாக. கடையில் துடைத்துப் பளபளப்பாக்கும்போது அந்த எண்ணும் போய்விடும். அன்றிரவு இதைப் பற்றிக் கேட்டேன். "வெலைக்குப் போற சாமானுக்கு வீட்டுப் பேரு எதுக்கு ஆத்தா?" என்று சிரித்தார். ஆனால் எந்த ஊரில், எந்த வீட்டு வளவில், எந்த நிறக் கண்ணாடி இருந்தது என்று கேட்டால் தடையின்றிச் சொல்லுவார்.

வீட்டை விற்போரைக் குறை கூற எனக்கு மனமில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதோடு அங்கிருந்து வந்த செல்வமும் தடைப்பட்டது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். பழுது பார்க்கப் பணம் தருவோர் சிலர். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் பட்டியல் ஒழுகும் கூரையை அடைக்காது. பிரிக்க வேண்டிய வீடு பிரிக்கப்படட்டும். ஆனால் குறிப்பின்றிப் பிரிக்க வேண்டுமா? மண்ணுக்குள் புதைந்த மணிக்கு இன்று ஊரும் பேரும் உண்டு. நம் கண்முன் கழற்றப்படும் கண்ணாடிக்கோ விலை மட்டுமே உண்டு.

கோடை விடுமுறையில் அப்பாவுடன் சென்று, பிரிக்கப்பட்ட ஒரு வீட்டின் பதினான்கு சன்னல்களையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஊர், கட்டு, சுவர், நிறம், அளவு, அப்பா போட்ட எண் எல்லாம் அதில் உள்ளன. வங்கி அண்ணனும் தம் கண்ணாடி எவ்வீட்டது என்று விசாரித்து வருகிறார்; இன்னும் வாங்கவில்லை. நம் துறை மாணவர்கள் ஆளுக்கொரு வீட்டை எடுத்துக்கொண்டால் ஓராண்டில் எத்தனை வீடுகள் ஏட்டில் ஏறும்! பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டும். நோட்டும் அளவு நாடாவும் போதும். வீடுகளை அடையாளம் காட்ட அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.