ஒரு காயம், இரு தழும்புகள்

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. நற்பழக்கத்திற்குரிய அறிவுரையாகவே இதனை நாம் கொள்கிறோம். தொட்டிலில் பட்ட துன்பமும் மனிதனோடு உடன் வளர்கிறது என்னும் பொருளும் அதனுள் அடங்கியிருப்பதை என் ஆசிரியப் பணியே எனக்கு உணர்த்தியது.

பல்லாண்டுகளுக்கு முன் ஓர் அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் என்னிடம் பயின்றனர். இளமையிலேயே தாயை இழந்து, உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவர்கள். அண்ணன் எடுத்ததற்கெல்லாம் சினங்கொள்வான், கைகலப்பில் இறங்குவான். முதல்வர் அறை வாசலில் அவனைக் காணாத வாரமில்லை. தங்கையோ அதிர்ந்து பேச அறியாதவள். 'அந்த அண்ணனுக்கு இப்படியொரு தங்கையா!' என்று ஆசிரியர்கள் வியப்பார்கள். அவளுக்கு அடிக்கடி வந்த தலைவலியும், அவள் தொடாமல் மூடி வைத்த மதிய உணவும், தேர்வுக்கால உறக்கமின்மையும் எவர் கண்ணிலும் குற்றமாகப் படவில்லை. ஒருநாள் தனியே வினவியபோது, "எங்கிருந்தாலும் பிறருக்குப் பாரமாகவே இருக்கிறேன், ஐயா" என்றாள். வேறொரு நாள் அவள் அண்ணன், "எங்களை யாருக்கு ஐயா வேண்டும்?" என்று வெடித்தான். சொற்கள் வேறு; காயம் ஒன்றே.

இவ்வேறுபாட்டினை அறிவியலும் ஆராய்ந்துள்ளது. 1989 டிசம்பரில் ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது, அரசு இல்லங்களில் இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் அரவணைப்பின்றிக் கிடந்தமை உலகிற்குத் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா ஆகிய ஆய்வாளர்கள் புக்காரெஸ்ட் நகர இல்லங்களில் வாழ்ந்த 136 குழந்தைகளுள் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். நான்கரை வயதில் ஆராய்ந்தபோது, குடும்பம் கிடைத்த பெண் குழந்தைகளிடம் அச்சமும் மனச்சோர்வும் பெரிதும் குறைந்திருந்தன. வளர்ப்புத் தாயிடம் அவர்கள் கொண்ட உறுதியான பற்றே அதற்குக் காரணமாக அமைந்தது. ஆண் குழந்தைகளிடம் அத்தகைய தெளிவான மாற்றம் தென்படவில்லை. மருந்து ஒன்றாயினும் பயன் ஒன்றாக இல்லை.

இடையறாத அச்சம் குழந்தையின் உடலில் கார்ட்டிசால் முதலிய சுரப்புகளின் ஒழுங்கைக் குலைக்கிறது. வளரும் மூளையையும் அது தொடுகிறது. பருவமடைகையில் சுரக்கும் பாலின இயக்குநீர்களும் சேர்ந்து விளைவை வேறுபடுத்துகின்றன. பொதுவாக ஆண்களிடம் அது சண்டை, முரட்டுத்தனம், போதைப் பழக்கம் என வெளிநோக்கிப் பாய்கிறது. பெண்களிடம் கவலை, மனச்சோர்வு என உள்நோக்கி இறங்குகிறது. மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகிறது. இது சராசரிக் கணக்கேயன்றி ஒவ்வொருவருக்குமான விதியன்று. உள்ளுக்குள் உடையும் இளைஞரும் உண்டு; சீறும் நங்கையரும் உண்டு.

இயற்கையின் மீது மட்டும் பழி சுமத்துதல் தகாது. 'ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?' என்று மகனின் கண்ணீரை அடைக்கிறோம். அது சினமாக உடைத்துக்கொண்டு வருகிறது. 'பொம்பளைப் பிள்ளை வாய் திறக்கலாமா?' என்று மகளின் சொல்லை அடைக்கிறோம். அது நோயாக உள்ளே தங்குகிறது.

எனவே பெற்றோரும் ஆசிரியரும் இரண்டு வினாக்களைப் பழகிக்கொள்ள வேண்டும். முரடனிடம் 'ஏன் அடித்தாய்?' என்பதோடு நில்லாமல், 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்க வேண்டும். அமைதியானவளைப் பாராட்டுவதோடு நில்லாமல், 'நீ சாப்பிட்டாயா அம்மா?' என்று கேட்க வேண்டும். முன்னவனைத் தண்டனை மட்டும் திருத்திவிடாது. பின்னவளைப் பாராட்டு மட்டும் காப்பாற்றிவிடாது. இருவருக்கும் வேண்டுவது, இறுதிவரை கைவிடாத ஒருவரின் துணையே ஆகும்.