மார்செய்: படிக்கட்டின் கீழே

மார்செய் நகரின் சென் சார்ல் புகையிரத நிலையத்திலிருந்து நகருக்குள் இறங்க 104 படிகள் உண்டு. முதல் நாள் அப்படிகளில் இறங்கியபோது நம் கண்கள் காலடியைக் கவனிக்கவில்லை. எதிரே கூரைகளெல்லாம் தாழ்ந்து கிடக்க, தொலைவிலுள்ள குன்றின் உச்சியில் பொன் பூசிய மாதாவின் உருவம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஊர் பார்க்க வந்தவனின் கண் உயரத்தையே நாடும் போலும். மறுநாள் நண்பகலில், ஏறுவதற்கு முன் சற்று இளைப்பாறுவோமென்று படிக்கட்டின் அடியில் அமர்ந்தோம். அப்பொழுதுதான் கல்லிற் செதுக்கப்பட்டுச் சாய்ந்து கிடந்த இரு பெண்களைக் கண்டோம். ஒருத்தி ஆசியக் குடியேற்ற நாடுகளைக் குறிப்பவள். மற்றவள் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளைக் குறிப்பவள். லூயி பொத்தினெல்லி என்னும் சிற்பி வடித்தவை இவை. 1927 ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக் குடியரசின் தலைவரே நேரில் வந்து இப்படிக்கட்டைத் திறந்துவைத்தார்.

இதே படிக்கட்டின் மேற்பகுதியில் வேறு இரு சிற்பங்கள் உள்ளன. ஒன்று, கிரேக்கக் குடியேற்றமாகிய மார்செய். மற்றது, கீழைத்தேயத்தின் வாயிலாகிய மார்செய். தானும் ஒரு காலத்திற் குடியேற்றமாயிருந்ததைச் சொல்லி மேலே பெருமைப்படும் நகரம், தன் கப்பல்கள் சென்று பிடித்த நாடுகளைக் கீழே கிடத்தி வைத்திருக்கிறது. நாமோ ஆசியாவிலிருந்து போனவர்கள். அக்கற்பெண்ணின் அருகில் அமர்ந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்தபோது சற்றே கூச்சமாயிருந்தது என்பதை மறைப்பானேன்? அதன் பின்னர் நாம் இந்நகரைப் பார்த்த முறையே மாறிவிட்டது. யாருடைய கைகள் இதைக் கட்டின, யாருடைய முதுகுகள் இதைச் சுமந்தன என்று தேடிக்கொண்டே நான்கு நாட்கள் நடந்தோம்.

ஏறக்குறைய கி.மு. 600 இல், இன்றைய துருக்கிக் கரையிலுள்ள போக்கேயா என்னும் ஊரிலிருந்து கிரேக்க மாலுமிகள் இங்கு வந்து இறங்கினர். அன்று அந்நாட்டு அரசனின் மகளுக்கு மணமகனைத் தேர்ந்தெடுக்கும் விருந்து நடந்ததாம். தான் விரும்பியவனுக்கு அவள் பாத்திரத்தில் பானம் நீட்டவேண்டும் என்பது வழக்கம். உள்ளூர் வாலிபர் அனைவரையும் விடுத்து, அவள் அதைக் கடல் கடந்து வந்த அந்நியனிடம் நீட்டினாள் என்பது ஐதிகம். கதை உண்மையோ பொய்யோ, மார்செய் தன் பிறப்பைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதை இது. வந்தவனை வரவேற்றதாற் பிறந்த நகரம்! வந்தேறிகளை விரட்டவேண்டுமென முழங்கி வாக்குக் கேட்போர் இந்நகரிலும் இருக்கின்றனர்; அவர்கள் இக்கதையை எப்படி விழுங்கிக்கொள்கிறார்களோ தெரியவில்லை.

பழைய துறைமுகம் நகரின் நடுவே நீண்ட செவ்வகமாய்ப் புகுந்திருக்கிறது. அதன் வாயிலை இரு கோட்டைகள் காக்கின்றன. கோட்டையென்றால் பீரங்கி கடலை நோக்கியிருக்கும் என்றுதான் நினைப்போம். பதினான்காம் லூயி மன்னன் 1660 களிற் கட்டுவித்த சென் நிக்கொலா கோட்டையின் பீரங்கிகளோ நகரையும் குறிபார்த்தன. கிளர்ச்சி செய்த குடிகளை அடக்கிவைப்பதற்காகவே அது எழுந்தது. காலையில் துறைமுகத்தின் தலைப்பில் மீன் விற்கிறார்கள். பெண்கள் விலை கூவும் ஓசைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. விலைப்படாத பாறைமீன்களைக் கொண்டு மீனவர் வீட்டிற் காய்ச்சிய 'பூயாபேஸ்' என்னும் குழம்பு இன்று உணவகங்களிலே பெரும் விலைக்குப் போகிறது. விலைப்பட்டியலைப் படித்ததோடு நாம் திருப்தியடைந்து, பாணும் ஒலிவமும் வாங்கிக்கொண்டு நடந்தோம். அன்று 'மிஸ்திரால்' என்னும் காற்று வீசியது. நம்மூர் வாடையைப் போல வடக்கேயிருந்து வருவது. ஆனால் வாடைக்கு இத்தனை மூர்க்கம் கிடையாது.

துறைமுகத்தின் வடகரையிலே ஒரே சீராக நிற்கும் கல்மாடிகளைப் பார்ப்பவருக்கு ஐயம் எழவேண்டும். பின்னாலுள்ள லு பனியே என்னும் பகுதி கோணல் சந்துகளும் உலரும் துணிகளுமாயிருக்க, கரையோரம் மட்டும் ஏன் இவ்வளவு ஒழுங்கு? அவை பெர்னாண்ட் பூயோன் முதலியோர் போருக்குப் பின் கட்டியவை. அதற்குமுன் அங்கே மாலுமிகளும், இத்தாலியிலிருந்து வந்த ஏழைகளும், துறைமுகத் தொழிலாளரும், விலைமாதரும் நெருங்கி வாழ்ந்தனர். 1943 ஜனவரியிலே ஜெர்மன் நாஜிப் படையும் பிரெஞ்சு விஷி அரசின் பொலிசாரும் சேர்ந்து அப்பகுதியைச் சுற்றி வளைத்தனர். 20,000 க்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நகரெங்கும் பிடிபட்டவர்களில் ஏறக்குறைய 800 யூதர்கள் சொபிபோர் மரணமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். பெப்ரவரி முதலாந் திகதி வெடிவைக்கத் தொடங்கினர். 14 ஹெக்டேயர் நிலத்தில் ஏறக்குறைய 1,500 கட்டடங்கள் தரைமட்டமாயின. நகரமண்டபம் தப்பியது. அதிகார பீடத்துக்கு எந்த நாளும் ஒரு விலக்கு உண்டல்லவா?

இதில் நம்மை அதிகம் உறுத்தியது வேறொன்று. அப்பகுதியை இடித்து 'சுத்தம்' செய்யவேண்டும் என்ற எண்ணம் ஜெர்மனியரோடு வந்ததன்று. நகரத்தின் கனவான்களும் திட்டமிடுவோரும் நெடுங்காலமாய் அதையே பேசிவந்தனர். 1942 இல் திட்டமும் வரையப்பட்டிருந்தது. பாசிசம் வெடிமருந்தைக் கொண்டுவந்தது; ஏழைகளின் சேரி ஒழியவேண்டும் என்ற ஆசை ஏற்கெனவே அங்கே இருந்தது.

அதே ஆண்டுகளிலேதான் ஐரோப்பாவின் அகதிகளெல்லாம் இங்கு வந்து குவிந்தனர். ஜெர்மன் கம்யூனிஸ்ட் எழுத்தாளர் அன்னா சேகர்ஸ் அவர்களுள் ஒருவர். 1941 இல் இங்கிருந்து கப்பலேறித் தப்பிய அவர், 1944 இல் வெளிவந்த 'டிரான்சிட்' என்னும் நாவலிலே இந்நகரைத் தீட்டியுள்ளார். நகரில் தங்கியிருக்க அனுமதி வேண்டுமானால், நகரை விட்டுப் போகப்போகிறோமென்று நிரூபிக்கவேண்டும்! ஒரு பத்திரம் கைக்கு வரும்போது மற்றப் பத்திரம் காலாவதியாகிவிடும். தூதரக வாசல்களிலே கடதாசிக் கட்டுடன் நின்ற அனுபவமுள்ள நம்மவர் எவருக்கும் இந்நாவலுக்கு அடிக்குறிப்புத் தேவையில்லை.

மூன்றாம் நாள் லா ஜோலியெத் துறைக்குப் போனோம். சுயெஸ் கால்வாய் 1869 இல் திறந்தபின் மார்செய் கீழைத்தேயத்தின் வாயிலானது இத்துறையாலேதான். சரக்கறைக் கட்டடம் 365 மீற்றர் நீளம். ஆண்டின் நாட்களுக்கு ஒரு மீற்றர் வீதம் கணக்கிட்டுக் கட்டியதாகச் சொல்வர். இன்று அதனுள்ளே கந்தோர்களும் ஆடம்பரக் கடைகளும் அமைந்துள்ளன. மூட்டை சுமந்தோர் நடந்த முற்றத்தில் அமர்ந்து நாம் குடித்த ஒரு கோப்பை கோப்பியின் விலைக்கு வேறிடத்தில் மத்தியான உணவே உண்டிருக்கலாம்.

இத்துறைக்கும் கொழும்புக்கும் பழைய உறவு உண்டு. மெஸாஜெரி மாரித்தீம் கம்பனியின் கப்பல்கள் இங்கிருந்து புறப்பட்டு, கொழும்பைத் தொட்டுச் சைகோனுக்குச் சென்றன. அதே கடல்வழியிலே, 1911 ஜூனில் வேறொரு கம்பனியின் கப்பலில் சமையற்கட்டு எடுபிடியாகச் சைகோனில் ஏறிய 21 வயது இளைஞனொருவன், ஜூலையில் மார்செய் வந்து இறங்கினான். அவனே பின்னாளில் ஹோ சி மின். இந்நகரின் கனபியேர் வீதியிலுள்ள கோப்பிக்கடையிலேதான் ஒரு பிரெஞ்சுக்காரன் தன்னை முதன்முதலாக 'ஐயா' என்று அழைத்ததாக அவரது சரிதை சொல்கிறது. தன் நாட்டில் அடிமையை ஏவுவதுபோல ஏவியவர்கள், தம் நாட்டிலே மரியாதையாகப் பேசக் கண்ட வியப்பு அது. அவ்வாண்டு செப்டெம்பரில், குடியேற்ற நாட்டு அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரியிலே சேர்த்துக்கொள்ளுமாறு அவர் மார்செயிலிருந்து மனு எழுதினார். இடம் கிடைக்கவில்லை. அம்மனு ஏற்கப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணியபடி சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் நாட்டின்மேல் பிரான்சு தொடுத்த போரை இத்துறையின் தொழிலாளர் ஏற்கவில்லை. இங்கிருந்து போன கப்பல்களிலே ஆயுதங்கள் சென்றன. திரும்பிய கப்பல்களிலே காயமுற்றோரும் சவப்பெட்டிகளும் வந்தன. 1949 இறுதியிலிருந்து 1950 வசந்தம் வரை, இந்தோ சீனப் போருக்கான தளபாடங்களை ஏற்ற மறுத்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பட்டினி கிடந்தனர், தோற்றனர். பலருடைய தொழில் அட்டைகள் பறிக்கப்பட்டன. அக்காலத்தில் இத்துறையில் மூட்டை சுமந்த செனகல் நாட்டவர் உஸ்மான் செம்பேன், அவ்வாழ்விலிருந்தே 'கறுப்புத் துறைமுகத் தொழிலாளி' என்னும் நாவலை எழுதி 1956 இல் வெளியிட்டார். ஆபிரிக்கத் திரைப்படத்தின் தந்தையெனப் பிற்காலத்தில் உலகம் போற்றியது அவரைத்தான்.

இவ்வேலைநிறுத்தம் பற்றிப் படமெடுத்தவரைப் பற்றி நம் வாசகருள் ஆசிரியராயிருப்போர் அறியவேண்டும். போல் கார்ப்பித்தா மார்செயில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். துறைமுகத் தொழிலாளரையே நடிக்கவைத்து அவர் எடுத்த 'துறைமேடைச் சந்திப்பு' என்னும் படத்தை 1955 இல் அரசு தடைசெய்து பறிமுதல் செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படம் இருட்டறையிலே கிடந்தது. அவர் மீண்டும் கரும்பலகைக்குத் திரும்பினார். படம் 1980 களின் இறுதியிலே கண்டெடுக்கப்பட்டு மறுபடியும் திரைக்கு வந்தபோது அவர் உயிரோடிருந்தார் என்பது ஆறுதல்.

பொன் மாதாவின் குன்றுக்கு நான்காம் நாள்தான் ஏறினோம். கோயிலின் கூரையிலிருந்து சிறு கப்பல்கள் தொங்குகின்றன. புயலிற் பிழைத்த மாலுமிகளின் நேர்த்திக்கடன் அவை. வெளிச்சுவரிலே 1944 ஆகஸ்ட் மாதத்துக் குண்டுகள் துளைத்த வடுக்கள் உள்ளன. அம்மாதம் 25 ஆந் திகதி இக்குன்றை ஜெர்மனியரிடமிருந்து மீட்கப் போரிட்டவர்கள் யார்? அல்ஜீரியப் படைவீரர்கள். மாதாவை வணங்காத மக்கள், பிரெஞ்சுக் குடியுரிமை முழுமையாய் வழங்கப்படாத மக்கள், மாதாவின் படிகளிலே இரத்தம் சிந்தினர். ஒன்பது மாதங்கள் கழியவில்லை. 1945 மே 8 ஆந் திகதி, போர் முடிந்ததென்று உலகமே கொண்டாடிய நாளில், அல்ஜீரியாவின் செத்தீப் நகரிலே விடுதலைக் கொடி ஏந்திய ஊர்வலத்தின்மீது சூடு விழுந்தது. தொடர்ந்த வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர்.

மார்செயில் ஒரு பாடசாலை இருந்தது. அல்ஜீரியாவை வாளாலும் தீயாலும் அடக்கிய மார்ஷல் பூஜோவின் பெயரைத் தாங்கியது அது. குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் நெடுங்காலம் அப்பெயரின் கீழிருந்து எழுத்துப் படித்தனர். 2021 இல் மாநகரசபை அப்பெயரை நீக்கி, 1944 ஆகஸ்ட் 25 இல் நகர் மீட்புப் போரில் மாண்ட அல்ஜீரியப் படைவீரர் அஹமத் லித்திமின் பெயரை இட்டது. பெயர்ப்பலகை மாறினால் வயிறு நிறையாது என்பார் உண்டு. சரிதான். ஆயினும் ஒரு பிள்ளை தன் பாட்டன் போன்றவனின் பெயரைப் பாடசாலை வாசலில் எழுத்துக்கூட்டி வாசிப்பதை அற்பமென்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

புறப்படும் நாள் காலை நொவாய்ச் சந்தை வழியாகச் சென்றோம். புதினாக் கட்டுகள், மிளகாய்த்தூள், பேரீச்சம்பழம், அரபு மொழி, பல ஆபிரிக்க மொழிகள். சந்தையிலிருந்து மேலேறும் ஓபாஞ் வீதியில், நெருங்கி நிற்கும் வீடுகளின் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. 2018 நவம்பர் 5 ஆந் திகதி காலையில் 63 ஆம், 65 ஆம் இலக்கக் கட்டடங்கள் அங்கே இடிந்து விழுந்தன. ஒன்று ஆளின்றி அடைத்துக் கிடந்தது. மற்றதில் எட்டுப்பேர் மாண்டனர். கடல் கடந்து வந்தோரும் மாணவரும் அவர்களுள் இருந்தனர். மழையின் மேல் பழி போடப்பட்டது. ஆனால் மார்செயில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழத்தகாத வீடுகளில் இருக்கின்றனர் என்று 2015 ஆம் ஆண்டிலேயே அரசுக்கு அறிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஊர்வலங்கள் எழுந்தன, ஆயிரக்கணக்கானோர் ஆபத்தான வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வீட்டுரிமையாளர் சிலரும் முன்னாள் உதவி மேயர் ஒருவரும் 2024 இறுதியில் நீதிமன்றத்தில் நின்றனர். 2025 ஜூலையிலே தீர்ப்பு வந்து, சிலருக்குத் தண்டனை கிடைத்தது.

அவ்விடைவெளியின் எதிரே நாம் நின்றிருந்தபோது, கையிற் பாணும் பாற்போத்தலுமாய் வந்த முதியவரொருவர் நம் பக்கத்தில் வந்து நின்றார். நம்மை எந்நாட்டவரென்று கேட்டார். சொன்னோம். கடற்பக்கம் கைகாட்டி, "கப்பலிலா வந்தீர்கள்?" என்றார். இல்லை, புகையிரதத்தில் என்றோம். தாம் கப்பலில் வந்ததாகவும் ஐம்பது ஆண்டுகள் இந்நகரில் வீடு கட்டும் வேலை செய்ததாகவும், நமக்கு விளங்கவேண்டுமென்று மெதுவாகச் சொன்னார். பிறகு இடைவெளியின் இருபுறமும் எஞ்சி நின்ற சுவர்களை, அடியிலிருந்து உச்சிவரை, தொழிலறிந்தவனின் கண்ணால் ஒருமுறை அளந்து பார்த்தார். தலையை அசைத்துவிட்டு, பாணை மறுகைக்கு மாற்றிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்.