பெரியப்பா குடித்த சோடா!

பண்ணைப்புரம் என்றதுமே "இளையராஜா ஊரா?" என்பார்கள். அதே ஊர்தான். ஆனால் என் பெரியப்பாவுக்கும் தாளத்துக்கும் சம்பந்தமில்லை. எதிலும் லேட்!

அன்று விடிகாலை 5 மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், "வாயுடா" என்றார். சோடா குடித்தார். கேட்கவில்லை. பெருங்காயம் போட்ட மோர். ம்ஹூம். பெரியம்மா சுக்கு தட்டப் போனபோதுதான் பார்த்தேன், பனியன் தெப்பமாக நனைந்திருந்தது. மணி 8.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், "ரத்தக்குழாய் முழுசா அடைச்சிருக்கு. கட்டியைக் கரைக்க ஊசி போடுறேன்" என்றார்.

நான் விஷயம் தெரிந்தவனாயிற்றே! "ஊசி எதுக்கு சார்? நேரா மதுரைக்குப் போய் ஆஞ்சியோ பண்ணிடலாமே?"

"மதுரை 100 கிலோமீட்டர் தம்பி. 2 மணி நேரத்துக்குள்ள அடைப்பை எடுக்க முடிஞ்சா ஆஞ்சியோதான் முதல்ல. முடியலைன்னா ஊசி. அது வேலை செஞ்சா, 2 மணி நேரம் கழிச்சு, 24 மணி நேரத்துக்குள்ள ஆஞ்சியோ. செய்யலைன்னா உடனே. எப்படியும் ஊசி போட்டதும் மதுரைக்குக் கிளம்பிடணும்!"

மதுரையில் பக்கத்துக் கட்டில்காரருக்கும் மாரடைப்புதான். "நாளைக்கு ஆஞ்சியோ" என்றதும் அவர் மகன் சண்டைக்கே போய்விட்டார். "இவருக்குக் குழாய் முழுசா மூடலை. மருந்துல வலி நின்னிருக்கு. வலி நிக்கலைன்னாலோ பிரஷர் விழுந்தாலோ ராத்திரியே பண்ணிடுவோம்" என்று விளக்கினார்கள். ஒரே பெயர், இரண்டு கடிகாரம்!

பிறகு படித்தேன். நம் தமிழ்நாட்டிலேயே சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றோடு இணைத்து, முழு அடைப்பு வந்த 2,420 பேரிடம் இந்த ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறார்கள். 2017ல் முடிவு வந்தது: ஓராண்டுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள்.

பெரியப்பா பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் கொஞ்சம் போனது போனதுதான். தோட்டத்துக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது. அந்த 3 மணி நேரத்தை மதுரை தூரம் தின்னவில்லை. சோடாவும் மோரும் தின்றன.

போன மாதம் பெரியம்மா "நெஞ்சு கரிக்குது" என்றதும் பெரியப்பா செருப்பை மாட்டிவிட்டார். "சுக்கை அப்புறம் தட்டலாம். முதல்ல வண்டியில ஏறு!"

எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. நிஜமாகவே வாயு!

திரும்பும் வழியில் அவரே சோடா வாங்கிக் கொடுத்தார்.